நான்காம் அத்தியாயத்தில் என் அக்கா

1

எங்கள் பதிப்பகத்தில் இருபது வருடம் தாக்குப்பிடித்தவர்களுக்குக் கேக் வெட்டுவார்கள். சென்ற மாதம் என் முறை. இயக்குநர் எழுந்து, நான் ஒரு பிழையைக்கூட அச்சுக்குப் போக விட்டதில்லை என்று பேசினார். அது உண்மையில்லை; போனவை எவை என்று எனக்குத் தெரியும். பிறகு, உலகின் மறுபக்கத்தை இந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தவர் என்றார். நான் எதையும் கொண்டுவரவில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தேன். அதில் துணி இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் பல்லைக் காட்டினேன். இருபது வருடத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட வேலை அது.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 'வெளிநாட்டுப் பதிப்பகத்தில் நம்ம ஆள்' என்று வாழ்த்து அனுப்பாதீர்கள். இது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் பதிப்பகம். அறிஞர்கள் எழுதுவதை மற்ற அறிஞர்கள் படிப்பதற்காக அச்சிடுகிறோம். கூடவே இந்த வட்டாரத்தின் சுரங்கங்கள், கல்சுவர்கள், ஆட்டுச்சந்தைகள் பற்றிய புத்தகங்களும் உண்டு. கையெழுத்துப் பிரதி புத்தகமாகும்வரை ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஒரு காற்புள்ளியை நான் நகர்த்தலாம். ஒரு கருத்தைத் தொடக்கூடாது.

கேக் தின்ற கையோடு மேசைக்குத் திரும்பினால், அடுத்த புத்தகத்தின் பக்கங்கள் வந்திருந்தன. சென்னைக்கு வடக்கே தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் கிராமங்களைப் பற்றிய ஆய்வு. எழுதியவர் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே மானிடவியல் சொல்லித்தரும் ஹாரியட். பொன்னேரியில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கி, மின்சார ரயிலில் போய்வந்து எழுதியதாக முன்னுரையில் சொல்லியிருந்தார். அந்த ரயிலைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க வர்ணனை. நான் கல்லூரிக்குப் போன ரயில். வர்ணிக்கத் தோன்றியதில்லை, உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

நான்காம் அத்தியாயம் இப்படித் தொடங்கியது: 'லட்சுமியின் வீட்டு இரும்பு கேட் முழுவதும் வட்ட வட்டமான ஓட்டைகள். மாலை வெயில் அதன் வழியே நுழைந்து வாசலில் நாணயங்களைப் போல் சிதறுகிறது.'

பேனாவைக் கீழே வைத்தேன். அந்த கேட் என் அக்கா வீட்டு கேட்.

2

ஊரை நினைத்து உருகுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகையைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லும் ஊர். அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டார். எங்கள் காலத்தில் வயல் போய் ஆலை வந்தது. கூலி மட்டும் அப்படியே தொடர்ந்தது, பெயர் காண்ட்ராக்ட் என்று மாறியது.

எங்கள் தெருவில் 'எஸ்தர்' என்று கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். மேரி இன்னும் அதிகம். அதனால் பெயரை யாரும் புழங்குவதில்லை, வீட்டைத்தான் புழங்குவார்கள். பைப்பு வீட்டு மேரி, மாடி வீட்டு எஸ்தர், ஓட்டை கேட்டு எஸ்தர். தபால்காரர் முதல் ரேஷன் கடைக்காரர்வரை இப்படித்தான். பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்திலேயே 'ஓட்ட கேட்டு எஸ்தரம்மா குடும்பத்துக்காக' என்று சொல்வார். ஆண்டவருக்கே குழப்பம் வரக்கூடாது என்று.

அந்த கேட்டைச் செய்தவர் அக்காவின் கணவர் தேவராஜ். தகடுகளிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி எடுக்கும் ஒரு தொழிற்சாலை, மீந்துபோன தகட்டைக் காயலான் கடைக்குப் போடும். அதை வாங்கிவந்து பற்றவைத்து வாசலில் நிறுத்தினார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒன்று வேறு எங்கும் கிடையாது.

ஹாரியட் விதிப்படி நடந்திருந்தார். ஆய்வில் பேசியவர்களின் அடையாளத்தை மறைக்க வேண்டும் என்பது விதி. எஸ்தரை லட்சுமி ஆக்கிவிட்டார். வேதக்காரியை இந்துவாகவும் ஆக்கிவிட்டார். ஊரின் பெயரை மாற்றி, ஏரியின் பெயரையும் மாற்றியிருந்தார். ஊரில் யாருமே பயன்படுத்தாத பெயரை அவ்வளவு அக்கறையாக மாற்றிவிட்டு, உண்மையான பெயரை முதல் வரியில் வைத்திருந்தார். அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

3

லட்சுமி சொன்னது என்று புத்தகத்தில் இருந்தது இதுதான்.

தேவராஜ் இரும்பு உருக்கும் ஆலையில் உலையடியில் காண்ட்ராக்ட் ஆள். பழைய இரும்போடு மூடிய டப்பா ஒன்று உலைக்குள் போய் வெடித்தது. உருகிய இரும்பு அவர்மேல் கொட்டியது. உயிர் அங்கேயே போயிற்று. ஆலைக்குள் சாவு என்றால் விசாரணை வரும். தார்ப்பாயில் சுற்றி டெம்போவில் ஏற்றிக்கொண்டுபோய் நெடுஞ்சாலை ஓரம் கிடத்தினார்கள். அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தார் என்று வழக்கு முடிந்தது. உடலைக் கழுவியவர்கள் வெந்த சதையைப் பார்த்தார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். ஏனென்றால் பையன் வளர்ந்ததும் வேலை தருவதாக ஆலைக்காரர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பையன் ஜெபராஜ். வாக்கை நிறைவேற்றினார்கள். அதே ஆலையில் கிரேன் ஓட்டுகிறான். போன வருடம் நிரந்தரமானான். அந்த ஒப்பந்தத்தில் எழுத்து எதுவும் கிடையாது. அக்கா பேசாதவரை அவனுக்கு வேலை உண்டு, அவ்வளவுதான்.

வெளிநாட்டு ஆய்வுப் புத்தகத்தை அங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்து ஆறுதலடையப் பார்த்தேன். மறுநாள் விளம்பரப் பிரிவிலிருந்து செய்தி வந்தது. இணையத்தில் இலவசமாகப் படிக்க ஓர் அத்தியாயத்தை வெளியிடப்போகிறார்களாம். மிகவும் உணர்ச்சிகரமாக இருப்பதால் நான்காம் அத்தியாயத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம்.

4

மதிய இடைவேளையில் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அங்கே சாயங்காலம்.

"அக்கா, ஒரு வெள்ளக்காரம்மா ஊட்டுக்கு வந்துச்சா?"

"அர்ரியட்டா? எத்தினி வாட்டி வந்துக்கீது. நல்ல பொண்ணு தம்பி. நாஷ்டாவுக்கு இட்லி வெச்சா கறிக்கொழம்பு இல்லியான்னு கேக்கும். எழுத்துல எழுதறா மாரியே பேசும், சிரிச்சிக்கினே இருப்பேன்."

"அதுங்கிட்ட மாமா செத்தத சொன்னியா?"

"சொன்னேன். இன்னா இப்போ?"

"அது புக்கா வருது. எங்க ஆபீஸ்லதான்."

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ நைனா! இம்மா வருசமா ஊரான் கதையா போட்டுக்கினு கெடந்தே. இப்பதான் நம்மூட்டு கத வந்துக்கீதா? அங்க உக்காந்துக்கினு நீ இன்னாதான் வேல பாக்கறே? உனுக்கே இப்பதான் தெரியுமா?"

"சிரிக்காதக்கா. ஜெபராஜ் வேல இன்னா ஆவும்?"

"பேர மாத்திடுவேன்னு சொல்லிச்சே."

"பேர மாத்திச்சி. கேட்ட மாத்தல. மொத வரியே கேட்டுதான்."

"அடிப் பாவி," என்றாள். மறுபடி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பிறகு சொன்னாள். "இருந்துட்டுப் போட்டும் தம்பி. எடுக்காத."

"அக்கா..."

"அந்தப் பொண்ணு ஒண்ணுதான் கேட்டுச்சி. போலீசு கேக்கல. பாஸ்டரு கேக்கல. நீ ஃபோன் பண்ணா சுகரு எவ்ளோ கீதுன்னு கேப்பே. அவுரு எப்பிடி செத்தாருன்னு எந்த நாயும் கேக்கல. அது கேட்டுச்சி, நான் சொன்னேன். நெசந்தானே?"

வைத்துவிட்டாள்.

ஜெபராஜ் அடுத்த நாள் அவனே கூப்பிட்டான்.

"மாமா, அம்மாவுக்கு இன்னா, பேசிட்டு ஊட்ல குந்திக்கும். கம்பெனி கேட்டாண்ட போயி நிக்கறவன் நானு. எதிர் ஊட்ல யாரு கீறான்? ஸ்டீபன். காண்ட்ராக்டரோட ஆளு. அவன் பொண்ணு இங்கிலீஷ் மீடியம். ஃபோன்ல வந்தா படிச்சி சொல்லிட்டுப் போவுது. ஊரு குரூப்புல போட்டான்னா முடிஞ்சிச்சி."

"நான் பாக்கறேன்டா."

"இன்னா பாக்கறே? எம் பொண்டாட்டி வாயும் வயிறுமா கீறா. உன் புக்கால எனுக்கு வேல பூட்சின்னா, அங்கேருந்து நீ ஒரு கிரேனு அனுப்புவியா? பேஜாரு பண்ணாத மாமா. அத்த எடுத்துடு."

5

அன்று வேலை முடியாததால் பக்கங்களை வீட்டுக்கு எடுத்துப்போனேன். சமையலறை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவித் திரும்புவதற்குள் என் மகள் ரூத் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். மானிடவியல் படிக்கலாமா என்று யோசிக்கிறாளாம்.

"இந்த லட்சுமி ரொம்பப் பாவம்," என்றாள், ஆங்கிலத்தில்.

"உனக்குத் தெரிஞ்சவங்கதான்."

"லட்சுமின்னு எனக்கு யாரையும் தெரியாதே."

சின்ன வயதில் ஊருக்குப் போனபோது அந்த கேட்டின் ஓட்டையில் கையை விட்டு மாட்டிக்கொண்டு அலறியவள் இவள். அக்கா தேங்காய் எண்ணெய் தடவித் தடவிக் கையை எடுத்துவிட்டாள். அதைச் சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். சொந்த அத்தையைப் பற்றி ஆறு பக்கம் படித்துக் கண் கலங்கியவளுக்கு, அது அத்தை என்று தெரியவில்லை. பிறகு நான் விளக்கியபோது, "ஓ, காட்" என்றாள். தன் படுக்கையறைக்குப் போனாள். ஹாரியட்டின் முகமூடி உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் சரியாக வேலை செய்தது. அந்த ஆள் என் வீட்டில் வளர்கிறாள்.

6

ஹாரியட் என் அறைக்கு வந்தார். "வணக்கம் ஐயா, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்றார். நலமாக இல்லை என்று தமிழிலேயே சொன்னேன். லட்சுமி என் அக்கா என்றேன். அவர் முகம் வெளுத்தது. எனக்கு அது திருப்தியாக இருந்தது.

கேட்டை எடுத்துவிடலாம், மரக்கதவு என்று வைக்கலாம் என்றார். சரி. டெம்போ? அந்த வருடத்தில் டெம்போவில் கொண்டுபோய்ப் போட்ட பிணம் ஒன்றுதான், ஊருக்கே தெரியும். டெம்போவை எடுத்தார். டப்பா வெடித்தது? உலையடியில் நின்றவர்களுக்குத் தெரியும். எடுத்தார். பையனுக்கு அதே ஆலையில் வேலை? அதை விட்டால் மற்றதெல்லாம் எடுத்தும் பயனில்லை. அதையும் எடுத்தார். பென்சிலால் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தவர் கடைசியில் நிறுத்தினார். ஆறு பக்கத்தில் மிஞ்சியிருந்தது ஒரு வாக்கியம்: 'ஒரு தொழிலாளி இறந்தார்.'

"இதற்கு ஒரு பொருளும் இல்லையே," என்றார். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். ஆலைச் சாவுகளைப் பற்றி ஆவணங்கள் சொல்வதெல்லாம் சாலை விபத்து, மாரடைப்பு, குடி. அது பொய் என்று சொல்ல அவரிடம் இருந்த ஒரே வாய் அக்காவினுடையது. அவளை எடுத்துவிட்டால் அத்தியாயத்தில் மிச்சமிருப்பது ஆலை எழுதிவைத்த கணக்கு மட்டும். "உங்கள் அக்கா பொய் சொன்னதாக ஆகிவிடும். அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்களா?"

அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. சொன்னது சரி என்பதால்.

ஆனாலும் பேட்டியை முழுவதுமாக எடுக்கச் சொல்லிக் கேட்டேன். அதை ஹாரியட் தனியாக முடிவுசெய்ய முடியாது என்று பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு சொன்னது. பதிப்பகம்தான் முடிவெடுக்க வேண்டும் என்றது. பதிப்பகமோ இது குழுவின் விஷயம் என்றது. சட்டப் பிரிவு இரண்டு பேருக்கும் நகல் அனுப்பச் சொன்னது. உறவினர் என்பதால் நான் விலகியிருக்க வேண்டும் என்று ஒருவர் எழுதினார். வேறு தமிழ் தெரிந்தவர் இல்லாததால் மொழிபெயர்ப்புக்கு நான் இருக்க வேண்டும் என்று அவரே மறுநாள் எழுதினார்.

இதைக் குறித்துவைக்கிறேன். எங்கள் வட்டார வரிசையில் முன்பு ஒரு சுரங்கப் புத்தகம் வந்தது. விபத்தில் செத்த ஒருவர் குடித்திருந்ததாக அதில் ஒரு வரி. அவருடைய பேரன் அலுவலகத்துக்கு வந்து மேசையைத் தட்டினார். இயக்குநர் அவருக்குத் தேநீர் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். பைண்டிங் முடிந்த பிரதிகளை நிறுத்திவைத்து அந்தப் பக்கத்தை மாற்றி அச்சிட்டோம். செத்தவரின் முழுப் பெயர், அப்பா பெயர், படம் எல்லாம் அதில் உண்டு. இவர்கள் ஊர்ப் புத்தகத்தில் மனிதர்களுக்குப் பெயர் இருக்கிறது, தட்டிக் கேட்கப் பேரன் இருக்கிறான். எங்கள் ஊர்ப் புத்தகத்தில் எங்களுக்கு லட்சுமி என்று பெயர். தட்டிக் கேட்க வேண்டிய பிள்ளை, எடுத்துவிடு என்று கெஞ்சுகிறான்.

இறுதியில் குழுவும் பதிப்பகமும் ஒரு முடிவுக்கு வந்தன. பேசியவரே முகம் காட்டி, சொந்த வாயால், தன் பேச்சைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னால் எடுத்துவிடலாம்.

7

அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளே ஃபோன் செய்தாள்.

"மருமவ பொன்னேரிக்கு, அவுங்க அம்மா ஊட்டுக்குப் பூட்டா தம்பி. இவன் எங்கிட்ட பேசறதில்ல. தட்ட வெச்சா துன்னாம எழுந்து போறான். அவுங்க அப்பன் மாரியே ரோஷம். எப்போ சொல்லணும், யாராண்ட சொல்லணும்? சொல்லிட்றேன்."

வீடியோ அழைப்புக்கு ஏற்பாடாயிற்று. இங்கே காலை, இயக்குநரின் அறை. மேசைக்கு ஒரு பக்கம் இயக்குநர், எதிரே ஹாரியட், நடுவில் நான். அங்கே மத்தியானம். அக்கா ஞாயிற்றுக்கிழமைப் புடவை கட்டிக்கொண்டு சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஃபோனைப் பிடித்திருந்தது ஜெபராஜ். அவன் கட்டைவிரல் படத்தின் ஓரத்தில் தெரிந்தது.

"இன்னா அர்ரியட்டு, எளச்சிட்டியே," என்றாள் அக்கா.

"நலமாக இருக்கிறேன், அம்மா," என்றார் ஹாரியட்.

இயக்குநர் தாளைப் பார்த்து முதல் கேள்வியை வாசித்தார். யாருடைய வற்புறுத்தலாவது உண்டா? நான் கேட்டேன்.

"வற்புறுத்தலா? எம் புள்ள. எந்தம்பி. அந்தக் கம்பெனி. இன்னும் பொறக்காத ஒண்ணு கீது, அதுவுந்தான். வேற யாரும் இல்ல."

"இல்லை என்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஹாரியட் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருந்தது. இயக்குநர் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது கேள்வி. சொன்ன எல்லாவற்றையும் நீக்கச் சம்மதமா?

அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எடுத்துடுங்க. ஆனா மொதல்ல ஒண்ணு எழுதிக்கணும். அவுரு உள்ளதான் செத்தாரு. ரோட்டுல இல்ல. குடிச்சிட்டு உழல. வேல செஞ்சிக்கினு இருக்கும்போது செத்தாரு. இத்த அவுங்கள எழுதிக்கச் சொல்லு. எழுதிட்டு அப்பறமா எடுக்கட்டும்."

படம் ஆடி நின்றது.

"சம்மதம் என்றுதானே சொன்னார்?" என்றார் இயக்குநர்.

"ஆமாம்."

அவர் தாளில் ஒரு கட்டத்தில் குறியிட்டு, கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா ஓடியதை அக்கா அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்கினாங்களா தம்பி?"

"எழுதிக்கினாங்கக்கா."

"இன்னா எழுதிக்கீறாங்க, படிச்சிக் காட்டு."

தாளை என் பக்கம் திருப்பினேன். 'பங்கேற்பாளர் விலகிக்கொண்டார். காரணம் தெரிவிக்கவில்லை' என்று இருந்தது. நான் அதைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, தமிழில் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

"தேவராஜ் என்பவர் ஆலைக்குள் வேலை செய்துகொண்டிருக்கும்போது இறந்தார். சாலையில் அல்ல. அவர் குடித்திருக்கவில்லை."

அக்கா என்னை நம்பவில்லை. அவளுக்கு என்னைத் தெரியும். என்னைத் தாண்டிப் பார்வையை ஓட்டினாள்.

"அர்ரியட்டு, நீ சொல்லு. அப்பிடித்தான் கீதா?"

ஹாரியட் தாளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அவருடைய அந்த எழுத்துத் தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஆம், அம்மா. அவ்வாறே எழுதியிருக்கிறது."

அக்கா தலையாட்டினாள். மூக்கைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி," என்றாள். "இப்போ எடுத்துடு."